செங்கல்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு

செங்கல்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு என்பது, காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. தடுப்பூசி எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதை அறிவதற்காக அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். இது 1968 ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை எல்லா வயதினரும் இதில் சேர்க்கப்பட்டு 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஆகியவை இணைந்து இதை நடத்தின. உலகில் இத்தடுப்பூசி பற்றி நிகழ்ந்த மிகப்பெரிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

ஆய்வின் பெயர் இன்றைய வாசகரைக் குழப்பக்கூடும். திருவாலங்காடு, கும்மிடிப்பூண்டி முதலிய ஊர்களைக் கொண்ட திருவள்ளூர் மாவட்டம் 1997 இல்தான் தனியே உருவாக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. ஆக, ஆய்வு நடந்த இரு வட்டங்களில் எதுவுமே இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இல்லை.

பின்னணி

பி.சி.ஜி. தடுப்பூசியை உருவாக்கியவர்கள் பிரெஞ்சு அறிவியலாளர்களான ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரன் ஆகியோர். மாடுகளுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியை 13 ஆண்டுகளில் 230 முறை மறுவளர்ப்புச் செய்து அவர்கள் வீரியம் குன்றச் செய்தனர். 1921 ஆம் ஆண்டு பாரிசில் ஒரு குழந்தைக்கு இது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது.

இந்தியாவில் 1948 இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் அமைந்தது. 1951 முதல் தடுப்பூசி இயக்கம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் இராஜாஜி. பி.சி.ஜி.யைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்பதை விளக்கி 1955 இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமாக இருக்கும் குழந்தைகளின் உடலில் பெருமளவில் செலுத்துவது குறித்த அச்சமும், அதன் பயன் உறுதிப்படவில்லை என்ற ஐயமும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தன.

பயன் பற்றிய ஐயம் மருத்துவ உலகிலும் இருந்தது. பிரித்தானியாவில் 14, 15 வயதுப் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு காணப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த ஆய்விலோ அது 14 விழுக்காடாக மட்டுமே இருந்தது. தடுப்பூசியின் தரம் மாறியதா, மக்கள் மாறியதா, மண் மாறியதா என்பது விளங்கவில்லை. இதைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையுடனேயே செங்கல்பட்டு ஆய்வு திட்டமிடப்பட்டது.

ஆய்வு முறை

இருநூறுக்கும் மேற்பட்ட அடுத்தடுத்த கிராமங்களும் சில நகர்ப்பகுதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. வீடு வீடாக மக்கள்தொகை கணக்கெடுக்கப்பட்டது. தோலில் டியூபர்குலின் சோதனை செய்யப்பட்டது. வயது வந்தோருக்கு மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டு, நோய் ஐயம் உள்ளவர்களின் சளி ஆய்வுக்கூடத்தில் வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. மருத்துவர்களுடன் நுண்ணுயிரியலாளர், புள்ளியியலாளர், கதிர்ப்படம் படிப்போர், களப்பணியாளர் எனப் பல துறையினர் இதில் உழைத்தனர்.

டென்மார்க், பிரான்சு ஆகிய இரு நாடுகளின் பி.சி.ஜி. வகைகள் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என இரு அளவுகளில் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மருந்துப்போலி செலுத்தப்பட்டது. யாருக்கு எது என்பது சமவாய்ப்பு முறையில் முடிவாயிற்று. ஊசி போட்டவருக்கோ போட்டுக்கொண்டவருக்கோ அது தெரியாது. 1971 வரை மொத்தம் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பகுதி முழுவதும் மீண்டும் கணக்கெடுக்கப்பட்டது.

முடிவுகள்

ஏழரை ஆண்டுகாலத் தரவுகளைக் கொண்ட முதல் அறிக்கை 1979 இல் வெளியானது. தடுப்பூசி பெற்றவர்களுக்கும் மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் இடையே நுரையீரல் காசநோயில் வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு உலகெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது.

15 ஆண்டுகால முடிவுகளைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் 1999 இல் வெளியிட்டது. ஊசி போடும்போது காசநோய்த் தொற்றின் அறிகுறி இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்குப் பின்னர் நோய் உறுதிசெய்யப்பட்டது. வயது வந்தோருக்குத் தடுப்பூசி எவ்விதப் பாதுகாப்பும் தரவில்லை. சிறுவர்களுக்கு 27 விழுக்காடு பாதுகாப்பு காணப்பட்டது. ஆனால் புள்ளியியல் அடிப்படையில் அதையும் உறுதியானது என்று கூற இயலாது.

காரணங்கள்

ஊசி ஏன் பயன் தரவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் பெரிதும் ஏற்கப்படுவது சூழல் கிருமிகள் பற்றியதாகும். மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் பல வாழ்கின்றன. இவை பெரும்பாலும் நோய் உண்டாக்குவதில்லை. வெப்பமண்டல ஊர்களில் இவற்றுடன் சிறுவயதிலேயே தொடர்பு ஏற்பட்டுவிடுவதால் உடல் ஓரளவு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுகிறது. பி.சி.ஜி. அதற்குமேல் புதிதாகச் சேர்ப்பது குறைவு என்பது இவ்விளக்கம். ஆய்வுப் பகுதியில் இத்தகைய தொடர்பு மிகப் பரவலாக இருந்ததைத் தோல் சோதனைகள் காட்டின. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலும் பி.சி.ஜி. காசநோயைத் தடுக்கத் தவறியது. அதே மக்களிடையே தொழுநோயை ஏறத்தாழப் பாதியளவு தடுத்தது.

தென்னிந்தியாவில் பரவியிருந்த காசநோய்க் கிருமி வகையின் வீரியக் குறைவும் ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது.

குழந்தைகளுக்கு ஏன் தொடர்கிறது?

இந்த ஆய்வைக் காட்டி பி.சி.ஜி. பயனற்றது என்று கூறுவோர் உண்டு. அது சரியன்று. சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசநோயையே இந்த ஆய்வு அளந்தது. கைக்குழந்தைகளைக் கொல்லும் காசநோய் வேறு விதமானது. மூளை உறையைத் தாக்குவதும், இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுவதும் அதன் இயல்பு. குழந்தைகள் சளியை உமிழ்ந்து தருவதும் இல்லை. ஆகவே அவர்களுக்கு வரும் கொடிய வடிவங்களைப் பற்றி இந்த ஆய்வு தீர்ப்புக் கூற இயலாது. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவ்வடிவங்களிலிருந்து பி.சி.ஜி. நல்ல பாதுகாப்புத் தருவதைக் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தொடர 1980 இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் பிறந்தவுடன் இடது மேற்கையில் போடப்படும் ஊசி இதுவே.

நடைமுறையில், வளர்ந்தவர்களுக்கு வரும் நோயைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு முழுவதும் நோயாளியைக் கண்டறிந்து மருந்து கொடுப்பதன்மேல் விழுந்தது. நோயைப் பரப்புவோர் பெரும்பாலும் வளர்ந்தவர்களே என்பதால் இது சிறிய விளைவன்று.

பிற்கால ஆய்வுகள்

1991 இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் மற்றொரு பெரிய ஆய்வு தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்தில் 1999 முதல் நேரடிக் கண்காணிப்பு சிகிச்சைமுறை செயற்படுத்தப்பட்டு அதன் விளைவு அளக்கப்பட்டது. சளி வளர்ப்புச் சோதனையில் உறுதியான காசநோய் 1999-2001 இல் இலட்சத்துக்கு 609 ஆக இருந்து, 2004-2006 இல் 311 ஆகக் குறைந்தது.

கோவிட்-19 பரவலின்போது 60 முதல் 80 வயது வரையான முதியோருக்கு பி.சி.ஜி. போட்டு அவர்களின் நோயெதிர்ப்புத் திறன் ஆராயப்பட்டது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் (முன்னாள் காசநோய் ஆராய்ச்சி மையம்) இதில் பங்கேற்றது. வயது வந்தோருக்குக் காசநோய்த் தடுப்பாகவே பி.சி.ஜி. போடும் திட்டம் 2024 இல் இந்தியாவின் பல மாநிலங்களில் தொடங்கப்பட்டது. நோய்த்தாக்கும் வாய்ப்பு மிகுந்த பிரிவினருக்கு மட்டும் ஊசி போட்டு அதன் விளைவைக் கணிப்பது இதன் நோக்கம் ஆகும்.