கால் நிமிட இழுவைக்கு ஒரு பம்பு: பழைய டிராக்டர்களின் டீசல் பம்பு மேம்பாடு பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் டிராக்டர் இழுவைப் போட்டி கோடைக்காலத் திருவிழா போல நடக்கிறது. ஒஹையோவின் பவுலிங் கிரீன் நகரப் போட்டி 1967இல் தொடங்கியது. விதிகளை ஒழுங்குசெய்யும் தேசிய டிராக்டர் இழுப்போர் சங்கம் 1969இல் பிறந்தது. தடம் 300 அடி நீள மண்பாதை. டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய சறுக்கு வண்டியில் உள்ள பாரப்பெட்டி, வண்டி நகர நகர முன்னோக்கி ஏறி, சறுக்குத் தட்டை மண்ணோடு அழுத்தும். தொலைவு கூடக் கூடச் சுமையும் கூடும். எஞ்சின் மூச்சைப் பிடித்து நிற்க வேண்டிய நேரம் ஏறத்தாழக் கால் நிமிடம்தான்.

இக்கட்டுரை 1963 முதல் 1972 வரை வெளிவந்த ஜான் டியர் 4020 டீசல் டிராக்டரை எடுத்துக்கொள்கிறது. ஆறு சிலிண்டர், 404 கன அங்குலம், அதாவது 6.6 லிட்டர். நிமிடத்துக்கு 2200 சுற்றில், கருவிகளை இயக்கும் பிடிஓ தண்டில் ஏறத்தாழ 95 குதிரைத்திறன். பம்பு மாற்றம் என்றாலே கூடுதல் டீசல் ஊற்றுவது என்று பட்டறைப் பேச்சு சொல்லும். அது பாதி உண்மை. அந்த டீசல் எவ்வளவு குறுகிய நேரத்தில் உள்ளே போய் முடிகிறது என்பதே இந்த மாற்றத்தின் உயிர்நாடி என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. காற்றுக் கணக்கு

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 1.1 லிட்டர். டர்போ இல்லாத எஞ்சின் ஒரு மூச்சில் ஏறத்தாழ ஒரு கிராம் காற்றை இழுக்கும். கரும்புகை வராமல் எரிய, டீசலின் எடையைப் போல் இருபது மடங்கு காற்று வேண்டும் எனக் கொண்டால், ஒரு பாய்ச்சலுக்கு 50 மில்லிகிராம் டீசல்தான் தாங்கும். 95 குதிரைத்திறனுக்குத் தேவையான அளவை எரிபொருள் செலவு வழியாகக் கணக்கிட்டாலும் 45 மில்லிகிராம் வருகிறது. ஆலையில் வடிவமைத்தவர்கள் எல்லையை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆக, டர்போ இல்லாத 4020இல் பம்புத் திருகை முறுக்குவது புகைக்குச் செலவழிக்கும் காசு.

3000 சுற்றில் 400 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாய்ச்சலுக்கு ஏறத்தாழ 155 மில்லிகிராம் தேவை. காற்று மூன்று மடங்காக வேண்டும். டர்போ வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இரண்டு பார் கொடுத்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கவும் வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே பம்பைப் பற்றிப் பேச வேண்டும்.

3. நேரக் கணக்கு

பாய்ச்சல் கிராங்க் சுழற்சியில் 20 பாகைக்குள் முடிய வேண்டுமென்றால், 2200 சுற்றில் கிடைப்பது 1.5 மில்லிவினாடி; 3000 சுற்றில் 1.1 மட்டுமே. மூன்றரை மடங்கு டீசல், முக்கால் பங்கு நேரத்தில். பாய்வு வேகம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. பழைய நாசில் துளைகளிலேயே இதைச் சாதிக்க அழுத்தத்தை இருபது மடங்குக்கு மேல் உயர்த்த வேண்டும். எந்தப் பம்பும் தாங்காது. எனவே துளைகளும் பெரிதாக வேண்டும், பம்பில் டீசலைத் தள்ளும் பிளஞ்சரும் பருமனாக வேண்டும்.

நேரம் தவறினால் பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் டீசல் சொட்டிக்கொண்டிருக்கும். அது வேலை செய்யாது. புகைபோக்கியையும் டர்போவையும் சுடும்.

4. சுழல்வகைப் பம்பு

4020இல் ஆலை பொருத்தியது வெர்னன் ரூசா கண்டுபிடித்த ரூசா மாஸ்டர் பம்பு. சுழலும் ரோட்டருக்குள் எதிரெதிராக இரண்டு சிறு பிளஞ்சர்கள். சுற்றியுள்ள கேம் வளையத்தின் மேடுகள் அவற்றை உள்நோக்கி நெருக்கும். ஆறு சிலிண்டருக்கும் அதே ஜோடிதான். பிளஞ்சர்கள் வெளியே எவ்வளவு விரியலாம் என்பதை ஒரு தகட்டு ஸ்பிரிங் கட்டுப்படுத்துகிறது. அதன் திருகை முறுக்கினால் டீசல் கூடும். மலிவான வழி என்பதால் முதலில் எல்லோரும் இதைத்தான் தொடுவார்கள்.

ஆனால் சுற்று ஏற ஏற ரோட்டர் நிரம்பும் நேரம் சுருங்குகிறது. திருகு கொடுத்ததை வேகம் பறித்துக்கொள்ளும். பம்புக்கு எண்ணெயும் டீசலே. அழுத்தம் ஏறினால் ரோட்டர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பழைய பம்புகளில் இன்னொரு தொல்லை: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எடைகளைத் தாங்கும் கூண்டில் உள்ள நெகிழ் வளையம் காலப்போக்கில் நொறுங்கும். திரும்பு குழாயின் இணைப்பைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினால் கறுத்த துணுக்குகள் விழும். அதைக் கண்டவர் மேம்பாட்டை மறந்துவிட்டு முதலில் பம்பைப் பிரிக்க வேண்டும்.

5. நேர்வரிசைப் பம்பு

சுழல்வகையின் இந்த வரம்புகளுக்கு மாற்று நேர்வரிசைப் பம்பு. நம் ஊரில் மைக்கோ பம்பு என்று வழங்கும் நேர்வரிசை அமைப்பின் மூத்த அண்ணன் பாஷ் நிறுவனத்தின் பி-வகைப் பம்பு. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர். பிளஞ்சரின் உடலில் சாய்வாக வெட்டிய பள்ளம். ரேக் என்னும் கட்டுப்பாட்டுத் தண்டு பிளஞ்சரைத் திருப்பி டீசல் அளவைத் தீர்மானிக்கும். எஞ்சின் எண்ணெயே உயவு. 1994 முதல் 1998 வரையிலான டாட்ஜ் பிக்அப் வண்டிகளின் கம்மின்ஸ் எஞ்சினில் வந்த பி7100இல் 12 மி.மீ. பிளஞ்சர் இருந்தது, பழைய டிராக்டர்காரர்கள் அதைத் தேடி எடுப்பதற்கு இதுவே காரணம். 13 மி.மீ. ஆக்கினால் குறுக்குப் பரப்பு 17 விழுக்காடு கூடும். அதே டீசலை இன்னும் முன்னதாகவே தள்ளி முடித்துவிடலாம். ரேக்கை எல்லைவரை தள்ளி அதே அளவைப் பெறுவதைவிட இது மேல் என்பேன், செலவு அதிகமென்றாலும்.

விலையும் உண்டு. தாங்கி, இயக்கு கியர், எண்ணெய்க் குழாய் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். பெரிய பிளஞ்சர் டைமிங் கியர்களின் பற்களைக் கடுமையாக அழுத்தும். டாட்ஜிலிருந்து எடுத்த இந்தப் பம்பில் தானாக முன்னேறும் டைமிங் இல்லை. உச்ச வேகத்துக்கென முன்தள்ளி வைத்தால், குளிர்ந்த எஞ்சின் வெண்புகையோடு முரண்டு பிடித்துத்தான் கிளம்பும். டயாஃப்ரம் ஃபீட் பம்பும் போதாது. ஓட்டம் முழுவதற்கும் செலவாவது அரை லிட்டருக்கும் குறைவுதான். ஆனால் அதை வினாடிக்கு 23 கிராம் வீதம் தடையின்றி ஊட்ட வேண்டும்.

6. கவர்னரும் நிறுத்தமும்

கவர்னர் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால்தான் 2200இல் டீசலை வெட்டாமல் 3000 வரை விடும். அதோடு எஞ்சினுக்குக் கடிவாளமும் தளர்கிறது. ரேக் திறந்தபடி சிக்கிக்கொண்டால் சாவியை அணைத்து டீசல் எஞ்சினை நிறுத்த முடியாது. போட்டி டீசல் டிராக்டர்களின் காற்றுக் குழாயில் அடைப்பு மூடி வைப்பது இதற்காகவே. அதன் கம்பியின் மறுமுனை சறுக்கு வண்டியில் மாட்டப்படும். கொக்கி அறுந்து டிராக்டர் தனியே பாய்ந்தால், கம்பி இழுபட்டு மூடி விழுந்து காற்றை அடைக்கும். பம்பில் கை வைக்குமுன் இந்த மூடியைப் பொருத்தி, வெறும் ஓட்டத்தில் இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.