சுண்ணாம்புக் கம்பத்தின் காற்றுக் கணக்கு

100 கிலோ பவளக்கல்லைக் காளவாயில் இட்டு முற்றாகச் சுட்டால், அள்ளும்போது 56 கிலோதான் தேறும். மீதி 44 கிலோவும் காற்றோடு போய்விடும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையோரம் சுண்ணாம்பு சுட்ட தமிழர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் எழுதிக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால், கனக்கக் கனக்கச் சுமந்து போட்ட கல் வெந்து வரும்போது லேசாகிவிடுகிறது என்பது சுமந்த தோளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்தச் சாலையோரத் தேக்கா வட்டாரம் என்றதும் நமக்கு மாட்டுக் கொட்டகைகள் நினைவுக்கு வரும். பஃபலோ ரோடு என்ற பெயரே அதற்குச் சாட்சி. சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற்சூளைகளும் 19ஆம் நூற்றாண்டில் இங்கே புகைந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்றைய தமிழர்கள் இந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். இன்று செவ்வாய், வெள்ளிகளில் கூட்டம் அலைமோதும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அப்போது சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றுதான் பெயர். காளவாய்கள் அவிந்தன, தமிழ்ப் பெயரும் வழக்கொழிந்தது. அதே பொருளுடைய மலாய்ப் பெயர் மட்டும் கம்போங் காப்பூர் ரோடு என்ற பெயர்ப்பலகையில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நகரத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு இருந்தாலும் போதவில்லை. சுற்றுவட்டாரக் கடல்திட்டுகளில் பவளம் கிடைத்தது. கட்ட ஆட்கள் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்தான் அவர்கள். 1825 முதல் 1873 வரை இத்தீவின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்கள் உழைப்பு கலந்திருக்கிறது. அதில் உச்சம், 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதன் உட்சுவர்களிலும் தூண்களிலும் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. கைதிகளின் பொறுப்பதிகாரியாக இருந்த மக்நேர், 1899இல் வந்த தம் நூலில் அதன் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்ற வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மக்நேர் பக்குவத்தை விவரமாக எழுதினார். பூசிய கைகளுக்குரியவர்கள் யார் யார் என்பது வேறு விஷயம்.

அந்தச் சுவர் எப்படி இறுகியது? ஈரம் காய்ந்ததால் என்றுதான் நினைப்போம். அது பாதி உண்மை. சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டு நீற்றுப்போய், சுவரில் ஏறிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி, ஆண்டுக்கணக்கில், சில வேளை தலைமுறைக்கணக்கில், மறுபடியும் கல்லாகிறது. காளவாயில் பறிகொடுத்த 44 கிலோவைச் சுவரில் திரும்பப் பெறுகிறது.

காணாமல் போகும் அந்த எடைக்குப் பின்னால் முதலில் போனவர் ஜோசஃப் பிளாக். எடின்பரோவில் மருத்துவம் படித்த ஸ்காட்லாந்துக்காரர். சிறுநீர்க் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்பு நீர் கொடுத்த காலம் அது. நல்ல மருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா என்று அவருடைய பேராசிரியர்கள் இருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொள்ள விரும்பாத பிளாக், மக்னீசியாவைக் கையிலெடுத்தார். பிறகு சுண்ணாம்புக்கும் வந்தார். சுட்ட சுண்ணாம்பு தோலைச் சுடுவது நெருப்பின் துகள்கள் அதில் ஏறிக்கொண்டதால்தான் என்று அதுவரை நம்பினார்கள். பிளாக் தராசை நம்பினார். சுட்டபின் எடை கூடவில்லை, குறைந்திருந்தது. நெருப்பு எதையும் கொடுக்கவில்லை, கல்லுக்குள் கட்டுண்டிருந்த ஒரு காற்றை வெளியேற்றியது, அவ்வளவுதான். 1756இல் அச்சான அந்த ஆய்வில்தான் கரியமில வாயு தனியொரு பொருளாக முதன்முதலில் துலங்கியது. எரியும் கரியிலிருந்தும், நொதிக்கும் மதுவிலிருந்தும், நாம் விடும் மூச்சிலிருந்தும் வருவது அதே வாயுதான் என்பதையும் சுண்ணாம்பு நீர் வெண்மையாகக் கலங்குவதைக் கொண்டே அவர் காட்டினார்.

எடின்பரோவில் தராசில் நின்ற பொருளை உலக அளவுக்கு விரித்தவர் சுவீடன் நாட்டு நிலவியலாளர் அர்விட் ஹோக்போம். சுண்ணாம்புக் கம்பத்தின் கதைக்கு நடுநாயகமாக நான் வைப்பது இவரைத்தான். புகழ் என்னவோ அவருடைய நண்பர் ஸ்வாந்தே அரேனியசுக்குப் போனது. 1894இல் சுவீடிஷ் மொழியில் வெளியான கட்டுரையில் ஹோக்போம் கேட்ட கேள்வி எளிது: பூமியின் கரியமில வாயு எங்கெங்கே இருக்கிறது, எதிலிருந்து எதற்குப் போகிறது? எரிமலைகள் காற்றுக்குத் தருகின்றன. பாறைகள் தேய்வதும் கடலில் சுண்ணாம்புக் கல் உருவாவதும் காற்றிலிருந்து எடுக்கின்றன. கூட்டிப் பார்த்தபோது, சுண்ணாம்புக் கற்களில் பூட்டிக் கிடக்கும் கரியமில வாயு காற்றில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 25,000 மடங்கு என்று வந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது, கல்லுக்குள் கிடக்கும் பெருஞ்செல்வத்தின் சில்லறை.

மனிதர்களையும் அவர் விட்டுவிடவில்லை. உலகம் அப்போது ஆண்டுக்குச் சுமார் 500 மில்லியன் டன் நிலக்கரி எரித்தது. காற்றில் உள்ள கரியமில வாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அதனால் ஆண்டுதோறும் சேரும். புதிதாக உருவாகும் சுண்ணாம்புக் கல் ஏறத்தாழ அதே அளவை எடுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார். கவலைப்படும் தொனியே இல்லை. இந்தக் கணக்கை 1896ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்தாண்ட அரேனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடேறும் என்றார்.

ஹோக்போம் கண்ட சமநிலை நிற்கவில்லை. பிளாக் வாழ்ந்த காலத்தில் காற்றில் மில்லியனுக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 313 ஆகியிருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்டு எல்லாமாகச் சேர்ந்து ஆண்டுக்கு 37 பில்லியன் டன் அளவில் வெளியேறுகிறது. கல் உருவாகும் வேகம் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது.

சிமெண்டும் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் செய்வதே. சுண்ணாம்புக்குச் சுமார் 900 டிகிரி போதும், சிமெண்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. கான்கிரீட்டும் காற்றிலிருந்து கொஞ்சம் திரும்ப இழுக்கும். சீன ஆய்வாளர் ஃபெங்மிங் ஷி தலைமையிலான குழு 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 1930 முதல் 2013 வரை சிமெண்டுக்காகக் கல்லிலிருந்து வெளியேற்றியதில் 43 விழுக்காடு அப்படித் திரும்பியிருக்கிறது. உலையை மூட்டிய எரிபொருளின் புகை இதில் சேராது. ஆக, 1982இல் கட்டிய தேக்கா நிலையமும், அதையொட்டி நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளும் வாங்கிய கடனில் ஒரு பகுதியையே அடைக்கின்றன. சுண்ணச் சுவர் கல்லின் கடனை ஏறக்குறைய முழுதாக அடைத்தது.

இதனால் அந்தக் காலம் பொற்காலமாகிவிடாது. காளவாயின் எரிபொருள் கக்கிய புகை எந்தச் சுவருக்கும் திரும்பவில்லை. பல நூறாண்டுகள் வளர்ந்த பவளத்தைப் பெயர்த்துச் சுட்ட கணக்கும் உண்டு. வெந்த சுண்ணாம்பில் நின்று கையும் காலும் வெடித்தவர்களின் கணக்கை எந்த விஞ்ஞானியும் போடவில்லை.

உங்கள் குடும்பத்தில் யாராவது சுண்ணாம்புக் காளவாயிலோ சூளையிலோ வேலை செய்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், பெயரும் ஊரும் குறித்து இந்தத் தொடருக்கு எழுதியனுப்புங்கள். அடுத்த வாரம் மாட்டுக் கொட்டகைகளுக்குப் போவோம்.

(தொடரும்)