புத்தளக் கரையோரத்தில் மக்கட்பெருக்கமும் மனைப் பஞ்சமும்

ஒரு நிலப்பகுதியின் மக்கட்டொகை பிறப்பினால் மட்டுமன்றிக் குடிபெயர்வினாலும் பெருகும். புத்தள மாவட்டம் இதற்குத் தக்க சான்றாகும். 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 5 இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்திருந்த அதன் மக்கட்டொகை, 2012இல் 7 இலட்சத்து 62 ஆயிரத்தைக் கடந்தது.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு அளிக்கப்பட்ட தவணை இரண்டு மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேருள் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளை அடைந்தனர். ஊரார் உணவும் இடமும் ஈந்து ஆதரித்தனர். தென்னந்தோப்புகளிடையே கிடுகுக் குடில்கள் எழுந்தன.

சில திங்களுக்கென அமைந்த குடில்கள் பல்லாண்டு நீடித்தன. பிள்ளைகள் வளர்ந்து மணம் புரிந்தனர், குடும்பங்கள் பெருகின, நிலமோ பெருகவில்லை. கற்பிட்டியின் மணற்படுகையில் உவர்நீரின்மேல் மெல்லியதாய்த் தங்கும் நன்னீரே கிணறுகளுக்கு ஆதாரம். குடில்கள் நெருங்கவே நீரும் தூய்மையும் அருகின. காணி, தொழில், பள்ளியிடம் ஆகியவற்றில் இரு சாராரிடையே மனக்கசப்பும் முளைத்தது.

2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் நிரந்தர வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. காணியுரிமையை உறுதிசெய்தலும் குடிநீர் வழங்கலும் அதனுள் அடங்கின. 2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்கே மீண்டனர். பலர் புத்தளத்திலேயே நிலைத்தனர்.

ஆதலின், அகதிக்குக் கூரை அளிப்போர் காணியையும் நீரையும் உடன் கருதுதல் வேண்டும். வந்தோர்க்கு மட்டுமன்றி, வரவேற்றோர்க்கும் அவை போதுமாயின் அன்றே நல்லுறவு நிலைபெறும்.