வவுனியாக் கிராமச் சிறாரும் கலைக்கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

கிராமச் சிறாருக்குக் கலைக்கல்வியைக் கொண்டுசெல்லல் வேண்டும் என்போர், அவர்களிடம் முன்னர் எதுவுமே இருக்கவில்லை எனத் தம்மையறியாமலே கருதிவிடுகின்றனர். வவுனியாவின் வரலாறு இக்கருத்தை உறுதிப்படுத்துவதாக இல்லை. குளத்தையும் வயலையும் ஆதாரமாகக் கொண்ட வன்னிக் கிராமங்களில் பாடசாலைக்குப் புறம்பாகவே கலைப்பயிற்சி நிலவியது. அதன் இயல்பையும், பாடசாலை அதனோடு கொண்ட உறவையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் காத்தவராயன் கூத்தில் கதைத்தலைவனின் பாத்திரத்தை ஒருவரே முற்றாக ஆடுவதில்லை. பாலகாத்தானாகச் சிறுவன் தோன்ற, பிற்பட்ட பருவங்களை வயதில் மூத்தோர் அடுத்தடுத்து ஏற்பர். கூத்தின் அமைப்பே தலைமுறைப் பயிற்சிக்கு இடமளித்தது எனலாம். அண்ணாவியார் பாடக் கேட்டும், மூத்தோர் ஆடக் கண்டும் பிள்ளை பயின்றான். எழுத்தறிவு இதற்கு முன்நிபந்தனையாகவில்லை. அருவிவெட்டுப் பாடல் போன்ற தொழிற்பாடல்கள் உழைப்போடு இசையையும் புகட்டின.

எனினும் இம்மரபை இலட்சியமயமாக்குதல் பொருந்தாது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே தாங்கினர்; சிறுமியருக்குப் பார்வையாளர் நிலையே கிட்டியது. யார் ஆடலாம், எங்கு ஆடலாம் என்பவற்றைத் தீர்மானிப்பதில் சாதியமைப்புக்கும் பங்கிருந்தது.

பாடசாலை இத்தடைகளைத் தளர்த்தும் வாய்ப்பைக் கொணர்ந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி வறிய பிள்ளைகளுக்கும் சிறுமியருக்கும் வகுப்பறையைத் திறந்துவிட்டது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் அழகியற் கல்விக்குப் பாடத்திட்டத்தில் இடம் வகுத்தது. ஆயின் வகுப்பறையில் முதன்மை பெற்றவை கருநாடக இசையும் பரதநாட்டியமுமே. அவற்றுக்குத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். அத்தகையோர் நகரத்தை நாடுவது இயல்பு. இதன் பேறாக, சமத்துவத்தை வாக்களித்த பாடசாலை கிராமத்தின் கலையைப் புறத்தே நிறுத்தியது. கலையை வைத்திருந்த களரியோ சமத்துவத்தை மறுத்தது. இம்முரண்பாடே நமது பிரச்சினையின் அடிப்படையாகும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியமை, கூத்தினைக் கற்றோர் மதிக்கும் கலையாக்கிற்று. அம்மதிப்பு வன்னியின் சிறு பாடசாலைகளில் கற்பித்தல் முறையாக மாறுவதற்கு அது மாத்திரம் போதுமானதன்று.

இவ்விடத்துப் பிறிதொரு முயற்சி மனங்கொள்ளத்தக்கது. 1977ஆம் ஆண்டு இன வன்செயலின் பின்னர் மலையகத் தமிழர் பலர் வவுனியாப் பகுதியிற் குடியேறினர். அவர்களிடையே பணியாற்றிய காந்தீயம் அமைப்பு, இளம் பெண்களைப் பயிற்றிக் கிராமங்களிற் பாலர் பள்ளிகளை நடத்தியது. கிராமத்துக்கு அருகிலிருந்தே ஆசிரியரை உருவாக்கலாம் என்பதற்கு இது சான்று. அக்குடியேறிகளின் மரபில் காமன் கூத்து முதலியனவும் இருந்தன. வவுனியாவின் கலைச்செல்வம் ஒரு மரபுக்கு மட்டும் உரியதன்று. அமைப்பின் முன்னோடிகளான எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983 ஏப்ரலிற் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

பின்வந்த போர், 2009இல் அது முடிவுறும்வரை, வன்னி மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தது. கூத்துக்கு ஊரும் கோயில் வெளியும் அண்ணாவியாரும் பிள்ளைகளும் ஒருங்கே வேண்டும். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் மக்கள் இருந்தனர், ஊர் இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிநிறுவனமாகத் தோன்றியபோது பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் ஆகிய துறைகளுக்கே பீடங்கள் அமைந்தன.

அண்ணாவியாரை ஊதியம் பெறும் ஆசிரியராகப் பாடசாலைக்குள் அழைத்தல், சிறுமியருக்கும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் களரியைத் திறத்தல், மலையக மரபுக்கு ஒத்த இடமளித்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழவேண்டும். முதலாவது மாத்திரம் நிகழின் பழைய ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள் நுழையும்; அதனைக் கைவிடின் கலைக்கல்வி பரீட்சைப் பாடமாகச் சுருங்கும். மூத்த அண்ணாவிமார் வாழும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்பட வேண்டும் என்பதே நம் முடிவு.