இரண்டாம் அணியின் கதை: அமெரிக்கச் சிறார் கால்பந்தில் கிளப் தேர்வு உருவான விதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்பாலான சிறார் கால்பந்துக் கிளப்புகள் ஆண்டுதோறும் கோடை விடுமுறையை ஒட்டி ‘டிரைஅவுட்’ எனப்படும் தேர்வு முகாம்களை நடத்துகின்றன. ஒரே வயதுப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளைச் சில மாலைப் பொழுதுகள் ஆடவைத்துப் பார்த்து, முதல் அணி, இரண்டாம் அணி, பெரிய கிளப்புகளில் மூன்றாம், நான்காம் அணி என்று அவர்களை வரிசைப்படுத்துகின்றன. இரண்டாம் அணியில் இடம் கிடைத்த பிள்ளையின் பெற்றோர், அந்தக் கிளப்பிலேயே பிள்ளையைத் தொடர விடுவதா, சிறிய கிளப் ஒன்றின் முதல் அணியைத் தேடிப் போவதா என்பதைக் குறுகிய காலத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். இந்தத் தடுமாற்றம் அந்நாட்டுக் கால்பந்தோடு கூடப்பிறந்ததன்று. கடந்த அரை நூற்றாண்டில் படிப்படியாக உருவான ஓர் அமைப்பு அதைப் பெற்றோர் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கால்பந்து அங்கே, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த நகர்ப்பகுதிகளில்தான் வேரூன்றியிருந்தது. பிலடெல்ஃபியாவில் நெசவாலைகள் நிறைந்த கென்சிங்டன் பகுதிச் சிறுவர்களுக்கு லைட்ஹவுஸ் பாய்ஸ் கிளப் என்ற சமூகநல அமைப்பு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது; செயின்ட் லூயிஸில் கத்தோலிக்க இளைஞர் மன்றம் பங்குதோறும், அதாவது ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட ஒவ்வொரு பகுதியிலும், அணிகளை அமைத்துப் போட்டிகளை நடத்தியது. 1950 ஜூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் நடந்த உலகக்கோப்பை ஆட்டத்தில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அமெரிக்க அணியில் ஐவர் செயின்ட் லூயிஸ்காரர்கள். ஜோ கேட்ஜென்ஸ் தலையால் தட்டிக் கோலாக்கிய அந்தப் பந்தைத் தொலைவிலிருந்து அடித்து அனுப்பிய வால்டர் பார், லைட்ஹவுஸில் ஆடி வளர்ந்தவர். போட்டி மனப்பான்மை அக்காலத்தில் குறைவாக இருக்கவில்லை. இளையோருக்கான தேசியக் கோப்பை 1935-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது, லைட்ஹவுஸ் அதை ஒருமுறைக்கு மேல் வென்றும் இருக்கிறது. ஆயினும் எந்தக் கிளப் என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழவே இல்லை, ஏனெனில் குடியிருந்த தெருவும் வழிபடச் சென்ற தேவாலயமும் அதற்கு முன்பே விடை சொல்லியிருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகியபோது ஆட்டமும் அங்கே குடிபெயர்ந்தது. 1964-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளோடு தொடங்கிய அமெரிக்க இளைஞர் கால்பந்து அமைப்பு, அதாவது ஏ.ஒய்.எஸ்.ஓ., இரண்டு விதிகளைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது: பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும், திறன் மிக்கவர்களும் புதியவர்களும் எல்லா அணிகளிலும் சம அளவில் கலந்திருக்குமாறு அணிகளைப் பிரிக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாமே கால்பந்து ஆடியறியாத தந்தையரும் தாய்மாரும். அவர்களுடைய பயிற்சியில் நுட்பம் குறைவாக இருந்திருக்கலாம். எனினும் ‘இரண்டாம் அணி’ என்ற ஒன்றே இருக்க முடியாத ஓர் அமைப்பை அவர்கள் நடத்திக் காட்டினார்கள் என்பது சிறிய சாதனையன்று, பின்னால் வந்த மாற்றங்களை அளக்க அதுவே தக்க அளவுகோல்.

மாற்றம் 1970-களில் வேகம் பிடித்தது. டல்லாஸ் டொர்னாடோ என்ற தொழில்முறை அணியின் உரிமையாளரான லமார் ஹன்ட், ரசிகர்களைச் சிறு வயதிலிருந்தே வளர்த்தெடுக்க வேண்டும் என்று கருதியதால், அணியின் வீரர்களும் பயிற்சியாளர்களும் பள்ளிகளுக்குச் சென்று கால்பந்தைக் கற்றுக்கொடுத்தார்கள். டல்லாஸ் சிறார் கால்பந்தின் முக்கிய மையமாக வளர்ந்ததற்கு அது வழிவகுத்தது. 1972-இல் நிறைவேறிய, கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ‘டைட்டில் நைன்’ சட்டம், பள்ளி, கல்லூரி விளையாட்டின் கதவைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்தது. 1974-இல் மாநிலச் சங்கங்களை ஒன்றிணைக்கும் தேசிய இளைஞர் கால்பந்துச் சங்கம் உருவானது. 1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு ஆட வந்தார். பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, உள்ளூரில் எல்லோரும் சேர்ந்து ஆடும் பொழுதுபோக்கு ஆட்டத்திலிருந்து திறனுள்ளவர்களைப் பிரித்தெடுத்து, வெளியூர்களுக்குப் பயணம் செய்து ஆடும் ‘டிராவல்’ அணிகளும் ‘செலக்ட்’ அணிகளும் பரவின. காஸ்மாஸ் ஆடிய வட அமெரிக்கக் கால்பந்து லீக் 1984 பருவத்தோடு நின்றுபோனபோது, அதில் ஆடிய வெளிநாட்டு வீரர்கள் பலர் அங்கேயே தங்கிச் சிறார்களுக்குப் பயிற்சியளித்துப் பிழைக்க முற்பட்டார்கள். தந்தையர் இலவசமாகச் செய்துவந்த வேலை இவ்வாறு ஊதியத்துக்குரிய தொழிலாயிற்று. ஊதியம் கொடுக்கப் பெற்றோரின் கட்டணம் தேவைப்பட்டது.

பிற நாடுகளின் நடைமுறையோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டணத்தின் பொருள் விளங்கும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் தொழில்முறைக் கிளப்புகள் திறனுள்ள சிறுவனைத் தம் செலவில் வளர்க்கின்றன. அவன் பின்னாளில் வேறு கிளப்புக்கு விலைபோகும்போது செலவு திரும்பக் கிடைக்கிறது. பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, பன்னாட்டு மாற்றுத் தொகையில் 5 விழுக்காடு வரை, அந்த வீரருக்குச் சிறுவயதில் பயிற்சியளித்த கிளப்புகளுக்குப் பங்கிட்டுத் தரப்பட வேண்டும். அமெரிக்கக் கூட்டமைப்போ சட்டச் சிக்கல்களைக் காரணம் காட்டி இந்த விதியை நெடுங்காலம் நடைமுறைப்படுத்தாமல் ஒதுங்கியிருந்தது. அந்நாட்டின் முதன்மைத் தொழில்முறை லீக்கான எம்.எல்.எஸ். தன் கிளப்புகளுக்காக அத்தொகையைக் கோரப்போவதாக அறிவித்ததே 2019-இல்தான். ஆகவே ஒரு சாதாரணச் சிறார் கிளப்புக்கு வளர்த்துவிட்ட வீரரால் பெரும்பாலும் வருமானம் இல்லை. சந்தா கட்டும் பிள்ளைகளால்தான் வருமானம். முதல் அணியில் இடம்பெறும் பிள்ளைகள் சிலரே என்பதால், கிளப்பின் அலுவலகத்தையும் மைதான வாடகையையும் தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்தையும் இரண்டாம், மூன்றாம் அணிகளும் சேர்ந்தே தாங்குகின்றன. கிளப்பைத் தாங்கும் இந்தக் குடும்பங்களுக்கு அதே தரமான கவனிப்பும் திரும்பக் கிடைக்கிறதா என்பதே இந்த வரலாறு எழுப்பும் நியாயமான கேள்வி; பல இடங்களில் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

2007-இல் தேசியக் கூட்டமைப்பு ‘டெவலப்மென்ட் அகாடமி’ என்ற உயர்நிலை லீக்கைச் சிறுவர்களுக்காகத் தொடங்கியதும், 2009-இல் நாற்பது கிளப்புகள் கூடிச் சிறுமிகளுக்காக ஈ.சி.என்.எல். என்ற லீக்கை அமைத்ததும் முதல் அணிக்கும் மற்ற அணிகளுக்கும் இடையிலான பிளவை ஆழமாக்கின. அகாடமி 2020 ஏப்ரலில் மூடப்பட்டு, அதன் இடத்துக்கு எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் வந்தது. இத்தகைய லீக்கில் இடம்பெற்ற கிளப் அந்த முத்திரையைச் சட்டையிலும் விளம்பரத்திலும் பொறித்துக்கொள்கிறது. ஆனால் அந்த லீக்கில் ஆடுவது வழக்கமாக முதல் அணி மட்டுமே. இரண்டாம் அணி மாநிலச் சங்கத்தின் லீக்கிலோ, பின்னால் உருவாக்கப்பட்ட வட்டார லீக்கிலோ ஆடும். ‘எலீட்’, ‘பிரீமியர்’, கிளப்பின் வண்ணங்கள் என்று அணிகளுக்குச் சூட்டப்படும் பெயர்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதால், முத்திரையைப் பார்த்துச் சேரும் பெற்றோர், தம் பிள்ளையின் அணி எந்த லீக்கில், எவ்வளவு தூரம் சென்று, யாரோடு ஆடப்போகிறது என்பதைப் பணம் கட்டிய பின்பே அறிய நேர்கிறது.

இரண்டாம் அணிக்கு உண்மையான பயன் தந்த சீர்திருத்தம் ஆரவாரமில்லாமல் வந்தது. மாநிலச் சங்கங்களின் பழைய முறையில் வீரர் அட்டை, அதாவது ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் காட்ட வேண்டிய படம் ஒட்டிய அடையாள அட்டை, பிள்ளையை ஒரே அணியின் பட்டியலோடு கட்டிப்போட்டது. 2001-இல் தொடங்கப்பட்ட யு.எஸ். கிளப் சாக்கர் என்ற மாற்று அமைப்பு, பிள்ளையை அணியில் பதிவு செய்யாமல் கிளப்பில் பதிவு செய்யும் ‘கிளப் பாஸ்’ முறைக்கு இடம் கொடுத்தது. மாநிலச் சங்கங்கள் பலவும் காலப்போக்கில் அத்தகைய ஏற்பாட்டை ஏற்றன. இதனால் இரண்டாம் அணியின் பிள்ளை ஒரு வாரம் முதல் அணியோடு ஆடிவிட்டு மறுவாரம் திரும்பிவர முடிந்தது. விதி அனுமதித்தும் இந்த வாயிலைத் திறக்காத கிளப்புகள் உண்டு. கடந்த பருவத்தில் எத்தனை பிள்ளைகள் இரண்டாம் அணியிலிருந்து மேலே சென்றார்கள், இரு அணிகளும் சேர்ந்து பயிற்சி எடுக்கும் நாள் உண்டா, இரண்டாம் அணிக்கெனத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா, இரு அணிகளுக்கும் ஒரே பயிற்சியாளர் என்றால், இரண்டின் ஆட்டங்களும் ஒரே நேரத்தில் வரும்போது அவர் எங்கே நிற்பார் என்பன போன்ற கேள்விகள் கோப்பைகளின் எண்ணிக்கையை விடக் கிளப்பின் இயல்பை நன்றாக வெளிப்படுத்தும். பெரிய கிளப்பின் இரண்டாம் அணியா, சிறிய கிளப்பின் முதல் அணியா என்பதற்குப் பொது விடை கிடையாது; முழுப் பருவமும் களத்தில் நின்று ஆட இடம் தரும் சிறிய கிளப், மாற்று வீரராகப் பெஞ்சில் உட்காரவைக்கும் பெரிய கிளப்பை விடப் பத்து வயதுப் பிள்ளைக்கு மேலானது என்று மட்டும் தயங்காமல் கூறலாம்.

வரிசைப்படுத்தலின் நம்பகத்தன்மையையும் ஆராய வேண்டும். 1985-இல் கனடிய ஆய்வாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும், ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். ஜனவரி முதல் நாளை வயதுக் கணக்கின் எல்லையாகக் கொண்டதால், மாதங்களால் மூத்த பிள்ளை உடல் வளர்ச்சியில் முந்தி நிற்க, அந்த முந்துதலைத் தேர்வாளர்கள் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதே அவர்கள் தந்த விளக்கம். கால்பந்து பற்றிய பிற்கால ஆய்வுகளும் இதே போக்கைக் கண்டன. அமெரிக்கச் சிறார் கால்பந்தில் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்றிருந்த வயதுக் கணக்கு, 2015-இல் அறிவிக்கப்பட்ட மாற்றத்தால் 2017-க்குள் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பிறந்த ஆண்டுக் கணக்காயிற்று. ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள் வெவ்வேறு பிரிவுகளுக்குச் சென்றதால் பல அணிகள் கலைந்தன. அந்தக் குறையைக் களைவதற்காக 2026-27 பருவத்திலிருந்து பழைய ஆகஸ்ட் எல்லைக்கே திரும்ப முக்கிய சிறார் அமைப்புகள் முடிவெடுத்தன. பிறந்த ஆண்டுக் கணக்கில் தம் பிரிவின் கடைக்குட்டிகளாக இருந்து இரண்டாம் அணிக்கு அனுப்பப்பட்ட நவம்பர், டிசம்பர்ப் பிள்ளைகள், இந்த மாற்றத்தால் தம் பிரிவில் மூத்தவர்களின் வரிசைக்கு வருகிறார்கள். முந்தைய ஆண்டில் எழுதப்பட்ட தேர்வுப் பட்டியல்களைக் கிளப்புகள் முதலிலிருந்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.