ஆடு தின்னாத பூ

எங்கள் ஊர்ப்பக்கம் வேலி இல்லாத முற்றங்களில் பத்து வருஷம் தாண்டியும் நிற்கிற பூச்செடிகளை எண்ணிப் பாருங்கள். அரளி, மஞ்சள் அரளி, நந்தியாவட்டை, ஈழத்தலரி, கோளாம்பிப் பூ. ஒன்று செத்தால் பக்கத்திலேயே நாலு முளைத்துவிடும் நித்தியகல்யாணி. பிச்சியும் செம்பருத்தியும் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கும், ஆனால் அடைப்புக்குள்ளேதான். செம்பருத்தியைப் பார்த்த ஆடு தாண்டிப் போனதாக நாஞ்சில் நாட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் சொன்ன ஆறு செடிகளும் ஒரே குடும்பம். தாவரவியலில் அப்போசைனேசி என்பார்கள். அந்தக் கிரேக்கப் பெயருக்கு ‘நாய்க்கு ஆகாதது’ என்பதுபோலப் பொருள். நம்மூரில் யாராவது பெயர் வைத்திருந்தால் நாய்க்குப் பதில் ஆடு வந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றைக் கிள்ளினால் பால் வடியும், நாக்கில் வைத்தால் கசக்கும், பலதும் நஞ்சு. எருக்கும் இதே குடும்பம்தான். வெயில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காய்ந்த காற்று, கடற்கரைப் பக்கம் உப்பு, இதற்கெல்லாம் மேலே அவிழ்த்துவிட்ட ஆடும் மாடும். இத்தனையையும் தாண்டிப் பூக்க வேண்டுமென்றால் ஒரு செடிக்குத் தண்ணீரைவிட அதிகம் தேவைப்படுவது கசப்பு. மதில் சுவரும் குழாய்த் தண்ணீரும் வருவதற்கு முந்தின காலத்தில், எந்தப் பூச்செடி நிற்கும் என்பதை மனுஷன் பாதி தீர்மானித்தான் என்றால் மீதியை ஆடு தீர்மானித்தது.

இப்படித் தப்பிப் பிழைத்த செடிகளை நாம் எப்படி நடத்தினோம் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மாலையாகக் கட்டிச் சாமிக்குப் போட்டோம். ஆனால் வீட்டு முன்னால் வைக்கப் பயந்தோம். இந்த இரண்டு மனசுக்கும் வயசு ரொம்ப அதிகம்.

அரளியிலிருந்து தொடங்கலாம். பழைய நூல்களில் கணவீரம் என்றொரு பூ வரும். அது செவ்வலரி என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். திருமுருகாற்றுப்படையில் குறமகள் முருகனை அழைத்து வழிபடும் களத்தில் கணவீர மாலை இருக்கிறது. மணிமேகலையில் புகார் நகரத் தெருவில் ஒரு பித்தன் வருகிறான். அவனும் கணவிர மாலை போட்டிருக்கிறான், கூடவே எருக்க மாலையும். சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்குக் கூட்டிப் போகும்போது அவன் கழுத்தில் கரவீர மாலை. கரவீரம் என்பதும் அரளிதான். ஆக ஒரே பூ சாமிக்கும் பைத்தியத்துக்கும் தூக்குக் கைதிக்கும். மூன்று பேரும் சாதாரண வீட்டு வாழ்க்கைக்கு வெளியே நிற்கிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் எங்கள் பக்கம் இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை என்றால் செவ்வரளி இல்லாமல் ஆகாது. அந்த மாலையை வாசலிலேயே வாங்கிப் போகிற பெண் தன் தலையில் பிச்சி வைத்திருப்பாள், அரளியை வைக்க மாட்டாள். எந்தப் பூ மனுஷருக்கு, எந்தப் பூ சாமிக்கு என்கிற கோடு அவ்வளவு தெளிவு.

பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. அலரி என்பதே பழைய வடிவம், அரளி பேச்சில் எழுத்து இடம் மாறி வந்தது. ஈழத் தமிழர்கள் இன்றும் அலரி என்றுதான் சொல்கிறார்கள். மேற்குக் கரையில் ‘அரளி’ எப்போதோ நிலைபெற்றுவிட்டது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலையைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன்தான் அதற்கு முக்கியமான தகவலாளி. அந்த லத்தீன் புத்தகத்தில் சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் உள்ளூர்ப் பெயரிலேயே ஏறியிருக்கின்றன. நந்தியாவட்டையும் அப்படித்தான். டச்சுக்காரர்கள் வந்தது மிளகுக்கு. போகிற போக்கில் நம் முற்றத்துச் செடிகளையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்களில் என் மனசுக்குப் பிடித்தது ஈழத்தலரி. அமெரிக்காவின் வெப்ப நாடுகளில் பிறந்த மரம் அது, ஐரோப்பியக் கப்பல்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. சார்ல்ஸ் ப்ளூமியர் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால் உலகம் அதைப் ப்ளூமேரியா என்கிறது. நம் ஆட்களுக்கு அமெரிக்காவும் தெரியாது, ப்ளூமியரும் தெரியாது. இலங்கையிலிருந்து வந்த, அலரி மாதிரியான ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ஈழத்து அலரி. மலையாளத்தில் ஈழச்செம்பகம். சிங்களத்தில் அதுவே அரலியா. கொழும்பில் பிரதமரின் அதிகாரபூர்வ வீட்டைத் தமிழில் அலரி மாளிகை என்று எழுதுகிறார்கள். நம்மூர்க்காரன் அதைப் படித்தால் நெடுஞ்சாலை நடுவில் நிற்கிற செவ்வரளிதான் நினைவுக்கு வரும். அங்கே உண்மையில் சொல்லப்படுவது ஈழத்தலரி மரம். அடையாளம் ஒரு செடிக்கு, பெயர் இன்னொரு செடிக்கு என்று கடல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறது.

இலங்கையில் இது புத்தருக்கு வைக்கும் பூ. பாலித்தீவில் பெண்கள் காதோரம் செருகுகிறார்கள், ஹவாயில் விருந்தாளிக்கு மாலையாகப் போடுகிறார்கள். மலேசியாவில் மலாய்க்காரர்களின் கல்லறைகளில் நடுவதால் அங்கே அதற்குப் பேய்க்கதைகள் உண்டு. நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களிலும் பார்க்கலாம். கிளையை ஒடித்துத் தரையில் போட்டால்கூட அந்தக் கிளை உள்ளே சேர்த்து வைத்ததைக் கொண்டு பூக்கும். செத்தும் பூக்கிற மரத்தைச் செத்தவர்கள் பக்கத்தில் வைக்கத் தோன்றியது நியாயமாகத்தான் படுகிறது.

நித்தியகல்யாணிக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. மடகாஸ்கரில் பிறந்த செடி. தமிழில் ஒரு பெயர் நித்தியகல்யாணி, இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. களியக்காவிளை தாண்டினால் சவக்கோட்டப்பச்ச, சவம்நாறி. ஒரே செடிக்கு மங்கலத்தின் உச்சியில் ஒரு பெயரும் அமங்கலத்தின் அடியில் ஒரு பெயரும். நான் இரண்டு தொட்டியில் அதை வைத்தபோது அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். “மக்களே, பூவே கிடைக்கலையா ஒனக்கு? நாலு பேரு வந்து போற வீடுல்லா, சுடுகாட்டுப் பூவையா கொண்டு வைப்ப?”

அத்தையிடம் வாதாட முடியாது, உங்களிடம் வாதாடலாம். சுடுகாட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? யார் வேலி கட்டி ஆட்டை விரட்டுகிறார்கள்? ஊரிலேயே கவனிப்பில்லாத நிலம் அது. அங்கே ஒரு பூச்செடி நிற்கிறது என்றால் அது கவனிப்பு கேட்காத, ஆடு தொடாத செடியாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் போய்விட, மிஞ்சி நிற்கிற ஒன்றைப் பார்த்து ‘இது சாவுக்குரிய செடி’ என்று நாம் முடிவு பண்ணிவிட்டோம். சாவுக்கு நடுவில் சாகாமல் இருந்ததுதான் அது செய்த குற்றம்.

இதற்குப் பின்னால் நடந்ததை அத்தையிடம் சொல்லியிருக்கிறேன், பாதி நம்பினாள். ஜமைக்காவில் இந்த இலையைக் கஷாயம் வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். அந்த இலை 1950-களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கின. வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அந்தத் திசையில் போனபோது கிடைத்தது வின்பிளாஸ்டின். எலி லில்லி கம்பெனி அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினை எடுத்து, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தென் தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் இதைப் பயிர் செய்து இலையும் வேருமாகக் கப்பல் ஏற்றுகிறார்கள். ஆட்டை விரட்டிய அதே கசப்புதான் மருந்து. அதற்காக யாரும் வீட்டில் இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். மருந்தாகிற அளவு வேறு, நஞ்சாகிற அளவு வேறு, இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது.

அரளிக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் ஜனங்களின் பிழைப்பு இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் தோவாளை. விடியுமுன்பே பூச்சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லிகை, சம்பங்கி, கொழுந்து, கிரேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரை என்று வந்து குவியும். அரளி சுற்றுவட்டாரத்திலும் உண்டு, சேலத்திலிருந்தும் மூட்டையாக வரும். ஓணம் வந்தால் கேரளத்து வண்டிகள் வரிசை கட்டும். மலையாளக் கரையின் கோயில்களும் அத்தப்பூக் கோலங்களும் பெருமளவு இந்தச் சந்தையை நம்பித்தான் இருக்கின்றன.

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று சொல்லியது. மலபார் தேவஸ்வம் போர்டும் அதையே செய்தது. ஆலப்புழைப் பக்கம் ஒரு மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற செய்தி பரவியிருந்த நேரம். இந்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அரளியின் வேர், இலை, பூ எல்லாமே நஞ்சு, நேராக இதயத்துடிப்பைப் பிடிக்கும். பிரசாதம் என்று கையில் கொடுப்பதைப் பக்தன் வாயில் போடுவான், பாயசத்தில் இதழ் விழுந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பான். அங்கே அரளிக்கு இடமில்லை. ஆனால் செய்தி எப்போதும் உத்தரவைவிட வேகமாக ஓடும். நைவேத்தியத்தில் கூடாது என்பது போகிற வழியில் ‘அரளியே கூடாது’ என்று சுருங்கிவிடுகிறது. வாய்க்கு ஆகாத பூவுக்கும் கழுத்துக்கு ஆகிற பூவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தெரிந்து வைத்திருந்த ஊர் இது. அது மறந்துபோனால் நஷ்டம் செடிக்கு இல்லை, விடியற்காலையில் மொட்டு பறிக்கிற பெண்ணுக்கும் மாலை கட்டுகிறவருக்கும்தான்.

இன்னொரு வேடிக்கை. கன்னியாகுமரி மாவட்டமே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண். அந்தக் கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் சுசீந்திரம் கோயிலுக்கும் அந்த உத்தரவு பொருந்தியிருக்கும். இப்போது பொருந்தாது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி, நடுவில் அதே பூ லாரியில் போகிறது. அடுத்த வருஷமே, 2025-இல், தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூக்களைத் தட்டையாக மடித்து, பதித்த கல் போலத் தெரியும்படி கட்டும் மாலை அது. மாணிக்கச் சிவப்பைக் கொடுப்பது செவ்வரளி. வெள்ளைக்கு வெள்ளரளி, பச்சைக்கு நொச்சி இலை.

சரி, முற்றத்துக்கு என்னதான் வைப்பது என்று கேட்டால், நான் வைத்ததைச் சொல்கிறேன். காகிதப்பூ வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பூகன்வில் என்ற பிரெஞ்சுக்காரரின் கப்பலில் போனவர்கள் பிரேசிலில் கண்டெடுத்தது, சரித்திரம் நல்ல சரித்திரம், முள்தான் தாங்காது. வாசல் பக்கம் அடுக்கு நந்தியாவட்டை. விதை வைக்காது, மழைக்காலத்தில் கொம்பு வெட்டி நட்டால் பிடிக்கும், ராத்திரி மணக்கும். ஈழத்தலரிக் கொம்பை வெட்டிய உடனே நடக்கூடாது, நாலைந்து நாள் நிழலில் போட்டு வெட்டுவாயில் பால் காய்ந்த பிறகு நட வேண்டும். இல்லாவிட்டால் அழுகும். பிச்சி மொட்டைமாடிக்கு ஏறுகிற மாதிரி ஒரு ஓரத்தில், மார்கழி கடைசியில் கவாத்து பண்ணுவதற்குக் கை எட்டுகிற உயரத்தில்.

அரளியைப் பின்பக்க மதிலோரம் வைத்தேன். தம்பி பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள், அதுகள் விளையாடுவது முன்பக்கம். கவாத்து பண்ணினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெட்டிய கொம்பை அடுப்பிலோ குப்பையிலோ எரிக்கக்கூடாது, புகையும் ஆகாது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டி, இது பார்க்கிறதுக்கு, கடிக்கிறதுக்கு இல்லை என்று சொன்னேன். சின்னவன், “அப்போ சாமி கடிச்சா?” என்றான்.

அத்தை இப்போதும் நித்தியகல்யாணித் தொட்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் போன ஆடி மாசம் இசக்கியம்மன் கோயிலுக்குப் போகும்போது பின்பக்கம் போய், கேட்காமலே, ஒரு பை நிறையச் செவ்வரளி பறித்துக்கொண்டு போனாள்.