முயலுக்குப் பயந்த சிறுவன்



திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளைகளை நாம் அனைவரும் அறிவோம். சபைகூடலில் பேச அழைத்தால் குரல் அடைத்துக்கொள்ளும் மாணவரும், ஒரு சொல்லை எழுதிப் பத்து முறை அழிக்கும் மாணவரும் நம் வகுப்புகளில் உண்டு. இவர்களுக்கு "நடிப்பு", "பயந்தாங்கொள்ளி" என்று எளிதில் பெயர் சூட்டிவிடுகிறோம். இது மனப்பதற்றமாக இருக்கலாம். அதைக் குறைக்கும் வழியோ நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது.

1920ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வாட்சனும் ரோசாலி ரேனரும் ஒரு கைக்குழந்தையிடம் நடத்திய சோதனையை வெளியிட்டனர். ஆல்பர்ட் எனும் அக்குழந்தை வெள்ளை எலியைத் தொட முனைந்தபோது, பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். சில முறைகளுக்குப் பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. அப்பயம் நீக்கப்படாமலேயே குழந்தை அங்கிருந்து சென்றுவிட்டது. இன்றைய ஆய்வு நெறி இதனை ஒருபோதும் ஏற்காது.

பயத்தைக் கற்பிக்க முடியுமெனில், அதைப் போக்கவும் முடியுமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர் மேரி கவர் ஜோன்ஸ் எனும் பெண்மணி. பீட்டர் என்ற, மூன்று வயதுகூட நிறையாத சிறுவன் முயலைக் கண்டு நடுங்கினான். பயமற்ற பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டு, கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்தார். இடையில் காய்ச்சலால் பீட்டர் மருத்துவமனை சென்றான். பெரிய நாயொன்று அவனை மிரட்டவும், பழைய பயம் திரும்பியது. ஜோன்ஸ் மனந்தளரவில்லை. அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் வேளையில், அவனைக் கலங்கச் செய்யாத தூரத்தில் முயலை வைத்தார். தூரம் நாளுக்கு நாள் குறைந்தது. இறுதியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் அனுமதித்தான்.

1924இல் ஜோன்ஸ் வெளியிட்ட முடிவுகள் நமக்கும் பாடமாகும். பயமுள்ள பொருளைக் கண்ணில் காட்டாமல் வைத்தல், வாயால் விளக்குதல், பிறர் கேலியால் திருத்த முயலுதல் ஆகியவை உறுதியான பலன் தரவில்லை. இனிய சூழலில் படிப்படியாகப் பழக்குதலும், பயமற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கற்றலுமே தெளிவாக வென்றன.

1958இல் ஜோசப் வோல்ப்பி எனும் மனநல மருத்துவர் இதே கருத்தைப் பெரியவர்களுக்கான சிகிச்சையாக விரித்தெழுதினார். பின்னர், எண்ணங்களைச் சீர்செய்யும் பயிற்சியும் படிப்படியாகப் பழக்குதலும் இணைந்த சிகிச்சை பிள்ளைகளுக்கும் உருவானது. 2008இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 12 வாரங்களில் இப்பயிற்சி மட்டும் பெற்றோருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நன்கு தேறினர். மருந்தும் சேர்த்துப் பெற்றோருள் 81 விழுக்காட்டினர் தேறினர். வெற்று மாத்திரை பெற்றோருள் தேறியோர் 24 விழுக்காட்டினரே. மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் 1988 முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும் பிள்ளைகளின் பதற்றம் அதனோடு அகன்றுவிடவில்லை என்பதை நான் வகுப்பறையில் காண்கிறேன். மேடைக்கு அஞ்சும் மாணவரை முதலில் நண்பர் ஒருவரிடம் வாசிக்கச் செய்யலாம். அடுத்துக் குழுவில், பின்னர் வகுப்பின் முன். பள்ளிக்கு வர அஞ்சும் பிள்ளையை நாள்கணக்கில் வீட்டில் நிறுத்தினால் பயமே வளரும். எனவே, ஒரு பாடவேளையேனும் வரச்செய்து, மெல்ல மெல்லக் கூட்டுவோம். பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து உறக்கம், உணவு, நட்பு, கல்வி ஆகியவற்றைக் கெடுத்தால், ஆலோசக ஆசிரியரையும் மருத்துவரையும் தயங்காமல் நாடுவோம்.

பயந்த பிள்ளையை இழுத்துத் தள்ளவும் வேண்டா. ஒளித்து வைக்கவும் வேண்டா. கைபிடித்து ஓர் அடி நடத்துவோம். அடுத்த அடியைப் பிள்ளையே எடுத்து வைக்கும்.